கசக்குது, மணக்குது, நல்லா இருக்கு: இங்கிலீஷில் லிங்கிங் வெர்ப் எங்கே வரும்?

கேரள எல்லையில் இருக்கும் குமுளி கடைவீதியில் ஏலக்காய், மிளகு விற்கிறவர்கள் வெளிநாட்டுக்காரர்களிடம் திரும்பத் திரும்பச் சொல்வது இரண்டு மூன்று செய்திதான். நல்லா மணக்கும். நல்லா காய்ஞ்சது. விலை கம்மி. தமிழில் சொல்ல ஒரு நொடி ஆகாது. இங்கிலீஷுக்கு வரும்போது மட்டும் ‘திஸ் கார்டமம் நைஸ் ஸ்மெல்’, ‘திஸ் இஸ் ஸ்மெல் வெல்’, ‘ப்ரைஸ் லோ’ என்று வாக்கியம் நொண்டுகிறது. வாங்க வந்தவருக்குப் புரிந்துவிடும், வியாபாரமும் நடந்துவிடும். ஆனால் அதே பிள்ளை ஹோம்ஸ்டே வேலைக்கு விண்ணப்பம் எழுதும்போதும், கைடு வேலைக்கு நேர்முகத்தில் உட்காரும்போதும் இதே இடத்தில்தான் மாட்டிக்கொள்கிறான்.

கம்பம், கூடலூர், குமுளி, வண்டிப்பெரியாறு பக்கத்திலிருந்து மாலையில் இங்கிலீஷ் படிக்க வரும் பிள்ளைகளுக்கு நான் டென்ஸுக்கு முன்னால் சொல்லித்தருவது இந்த இடத்தைத்தான். வெர்ப், அட்ஜெக்டிவ், ஆளையோ பொருளையோ அதன் குணத்தோடு கோத்து வைக்கும் லிங்கிங் வெர்ப். இந்த மூன்றும் பிடிபட்டால் பேசும் இங்கிலீஷில் பாதி நேராகிவிடும் என்பது என் அனுபவம்.

வினை இல்லாமல் தமிழ் நிற்கும்

வெர்ப் என்றால் வினைச்சொல். ஓடு, பறி, காய வை, விலை பேசு. இதில் யாருக்கும் குழப்பம் இல்லை. குழப்பம் வருவது, செயல் எதுவுமே நடக்காத வாக்கியத்தில்.

‘அவன் டிரைவர்.’ தமிழில் இது முழு வாக்கியம். பள்ளியில் எழுவாய், பயனிலை படித்திருப்பீர்கள். பயனிலை வினையாகவும் இருக்கலாம், பெயராகவும் இருக்கலாம். ‘அக்கா வந்தாள்’ என்பதில் வினை. ‘அவன் டிரைவர்’ என்பதில் பெயர். அதற்குப் பெயர்ப் பயனிலை என்றே நம் இலக்கணத்தில் பெயர் உண்டு. இங்கிலீஷில் இந்தச் சலுகை கிடையாது. முழு வாக்கியம் என்றால் அதில் ஒரு வெர்ப் இருந்தாக வேண்டும். செயல் இல்லையென்றாலும் ஒரு வெர்ப் வந்து நிற்க வேண்டும். அதனால்தான் ‘ஹி டிரைவர்’ தவறு, ‘ஹி இஸ் எ டிரைவர்’ சரி.

அங்கே அந்த ‘இஸ்’ ஒரு வேலையும் செய்வதாகச் சொல்லவில்லை. கணக்கில் போடும் சமக்குறி போல, இடது பக்கம் இருப்பவர் யார், எப்படிப்பட்டவர் என்று வலது பக்கத்தோடு சேர்த்துக் காட்டுகிறது. அவ்வளவுதான் லிங்கிங் வெர்ப். ‘ஆம்’, ‘இஸ்’, ‘ஆர்’, ‘வாஸ்’, ‘வேர்’ எல்லாம் ‘பி’ என்ற ஒரே வெர்ப்பின் உருவங்கள். லிங்கிங் வெர்ப்பில் இதுதான் தலைமை.

எல்லைப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இதில் ஒரு வசதி உண்டு. மலையாளம் காதில் விழுந்தே வளர்ந்தவர்கள் நீங்கள். ‘அவன் டிரைவராணு’, ‘சேச்சி டீச்சராணு’, ‘சாய சூடாணு’. கடைசியில் ஒட்டி வரும் அந்த ‘ஆணு’ தமிழ்ப் பேச்சில் இல்லாத ஒன்று. பாடப்புத்தகத் தமிழில் ‘கேரளத்தின் தலைநகரம் திருவனந்தபுரம் ஆகும்’ என்று எழுதுவோம், வீட்டில் யாரும் ‘ஆகும்’ போட்டுப் பேசுவதில்லை. மலையாளத்தில் மனசுக்குள் சொல்லிப் பாருங்கள். ‘ஆணு’ வந்தால், பெரும்பாலும் அந்த இடத்தில் இங்கிலீஷில் ஒரு ‘ஆம்’, ‘இஸ்’, ‘ஆர்’ வேண்டும். மதுரைப் பக்கம் படித்த பிள்ளைக்கு இந்தக் கைப்பிடி கிடையாது.

‘பி’ எங்கே வரும் என்று தெரிந்ததும் அடுத்த சிக்கல் ஆரம்பிக்கும். எல்லா இடத்திலும் அதைப் போடுவார்கள். ‘ஐ ஆம் கோ டு கம்பம் எவ்ரி சண்டே’, ‘ஹி இஸ் கம்ஸ் லேட்’. இது விடுபட்டதைச் சேர்க்கும் ஆர்வத்தில் வருகிற பிழை, கண்டிக்க வேண்டியதில்லை, ஆனால் உடனே திருத்த வேண்டும். ‘கோ’ என்பதே வெர்ப். அது வந்துவிட்ட பிறகு ‘ஆம்’ எதற்கு? ‘ஐ கோ டு கம்பம் எவ்ரி சண்டே’ போதும். ‘ஐ ஆம் கோயிங்’ என்றால் அது வேறு கதை. அங்கே ‘ஆம்’ லிங்கிங் வெர்ப் இல்லை, ‘கோயிங்’ என்பதற்குத் துணையாக வந்த வெர்ப், இப்போது போய்க்கொண்டிருக்கிறேன் என்று காட்ட. மலையாளத்தில் ‘ஞான் போகுகயாணு’ என்பதில் ‘ஆணு’ வருகிறதே, அதேதான்.

பெரிய வீடு, வீடு பெருசு

அட்ஜெக்டிவ் என்றால் பெயரடை. ஒரு பொருளோ ஆளோ எப்படி என்று சொல்லும் சொல். பெரிய, சின்ன, நல்ல, பழைய. பெயருக்கு முன்னால் வரும்போது தமிழும் இங்கிலீஷும் ஒரே மாதிரி போகின்றன. பெரிய வீடு, ‘பிக் ஹவுஸ்’. பெரிய வீடுகள், ‘பிக் ஹவுசஸ்’. இரண்டிலும் பெயரடைக்குப் பன்மை கிடையாது. இதில் நிற்கவே வேண்டாம்.

பெயருக்குப் பின்னால் வரும்போதுதான் வித்தியாசம். தமிழில் ‘வீடு பெரிய’ என்று நிறுத்த முடியாது. வீடு பெருசு, வீடு பெரியது, வீடு பெருசா இருக்கு என்று சொல்லே உருவம் மாறும். இங்கிலீஷில் அட்ஜெக்டிவ் அப்படியே இருக்கும், நடுவில் லிங்கிங் வெர்ப் மட்டும் வரும். ‘தி ஹவுஸ் இஸ் பிக்’. பழைய இலக்கணத்தில் ‘அவன் நல்லன்’, ‘அவன் கரியன்’ என்பவற்றைக் குறிப்பு வினைமுற்று என்பார்கள். குணத்தைச் சொல்லும் சொல்லே வினையாகவும் முடிந்துவிடுகிறது. அந்த ஒரு சொல்லை இங்கிலீஷ் இரண்டாகப் பிரித்து வைக்கிறது: வினைக்கு ஒன்று, குணத்துக்கு ஒன்று. இனி வருவது முழுக்க இந்தப் பிரிவினைதான்.

‘நல்லா’ எங்கே குட், எங்கே வெல்

தமிழ்ப் பிள்ளைகள் மிக அதிகமாகத் தடுமாறுவது இங்கே என்பதால் கொஞ்சம் நின்று பார்ப்போம்.

‘அக்கா அழகா இருக்கா.’
‘அக்கா அழகா பாடுறா.’

இரண்டிலும் ‘அழகா’ ஒன்றுதான். நம் காதுக்கு வித்தியாசம் இல்லை. ஆனால் முதல் வாக்கியத்தில் அழகு அக்காவுடையது, இரண்டாவதில் பாட்டுப் பாடும் விதத்துடையது. ஆளைச் சொன்னால் இங்கிலீஷ் அட்ஜெக்டிவைப் போடும், செயலின் விதத்தைச் சொன்னால் அட்வெர்ப்பை, அதாவது வினையடையைப் போடும். ‘ஷி இஸ் பியூட்டிஃபுல்’. ‘ஷி சிங்ஸ் பியூட்டிஃபுலி’.

‘நல்லா’வும் அப்படியே. ‘ரூம் நல்லா இருக்கு’ என்றால் ‘தி ரூம் இஸ் குட்’. ‘ஜீப் நல்லா ஓட்டுவார்’ என்றால் ‘ஹி டிரைவ்ஸ் வெல்’. ‘குட்’ அட்ஜெக்டிவ், ‘வெல்’ அட்வெர்ப். உடம்பு நல்லா இருக்கு என்று சொல்ல மட்டும் ‘ஐ ஆம் வெல்’ என்பார்கள், அங்கே ‘வெல்’ அட்ஜெக்டிவாகிவிடுகிறது. மலையாளமும் இந்த இடத்தில் கைகொடுக்காது. ‘நன்னாயிட்டுண்டு’, ‘நன்னாயி பாடி’ என்று அங்கேயும் ‘நன்னாயி’ ஒன்றேதான்.

ஆகவே ‘-ஆ’ என்று முடியும் சொல் வரும்போதெல்லாம் உங்களையே ஒரு கேள்வி கேளுங்கள்: இது ஆளைச் சொல்கிறதா, செயலைச் சொல்கிறதா? கோபமா இருக்கார், கோபமா பேசினார். ‘ஹி இஸ் ஆங்க்ரி’, ‘ஹி ஸ்போக் ஆங்க்ரிலி’. ‘-லி’ என்று முடிந்தாலே அட்வெர்ப் என்றும் நினைத்துவிடாதீர்கள். ‘ஃப்ரெண்ட்லி’, ‘லவ்லி’, ‘லோன்லி’ மூன்றும் அட்ஜெக்டிவ். ‘தி ஓனர் இஸ் ஃப்ரெண்ட்லி’ என்பது சரியான வாக்கியம்.

நாக்கும் மூக்கும்

‘பி’ மட்டும் லிங்கிங் வெர்ப் இல்லை. ஐம்புலன்களுக்கும் ஒவ்வொன்று உண்டு. ‘லுக்’, ‘சவுண்ட்’, ‘ஸ்மெல்’, ‘டேஸ்ட்’, ‘ஃபீல்’. மசாலாக் கடையில் நிற்கிறவர்களுக்கு இந்த ஐந்தும்தான் பிழைப்பு.

தமிழில் சுவைக்கெல்லாம் தனித்தனி வினையே இருக்கிறது. இனிக்குது, கசக்குது, புளிக்குது, உறைக்குது, உப்புக் கரிக்குது. சுவையும் வினையும் ஒரே சொல்லுக்குள். இங்கிலீஷில் அன்றாடப் பேச்சில் இப்படிச் சொல்ல வினை கிடையாது. லிங்கிங் வெர்ப் ஒன்று, அட்ஜெக்டிவ் ஒன்று, இரண்டையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும். காப்பி கசக்குது: ‘தி காஃபி டேஸ்ட்ஸ் பிட்டர்’. மாங்காய் புளிக்குது: ‘தி மேங்கோ டேஸ்ட்ஸ் சோர்’. ‘தி காஃபி பிட்டரிங்’ என்று ஒரு பிள்ளை எழுதினால், அது முட்டாள்தனம் இல்லை, தமிழ் வினையைத் தேடிப் போயிருக்கிறது. உறைக்குது என்பதற்கு ‘ஹாட்’ என்றும் சொல்லலாம், ஆனால் சூடு என்று எடுத்துக்கொள்வார்கள். விருந்தாளியிடம் ‘ஸ்பைசி’ என்பதே நல்லது.

இப்போது மணம். ஒரு ஏலக்காயை விரலிடுக்கில் வைத்து உரித்து, கறுப்பு விதையை லேசாக நசுக்கி, வாங்க வந்தவரின் உள்ளங்கையில் போடுகிறீர்கள். அவர் மூக்குக்குக் கொண்டுபோகிறார். ‘ஹி ஸ்மெல்ஸ் தி கார்டமம்.’ இதில் ‘ஸ்மெல்’ சாதாரண வினை, முகர்ந்து பார்க்கும் செயல். முகர்ந்த பிறகு நீங்கள் சொல்ல வேண்டியது: ‘தி கார்டமம் ஸ்மெல்ஸ் குட்.’ இதில் ‘ஸ்மெல்’ லிங்கிங் வெர்ப். ஏலக்காய் எதையும் முகரவில்லை, அதற்கு நல்ல மணம் இருக்கிறது. ஏலக்காயின் குணத்தைச் சொல்வதால் ‘குட்’ என்ற அட்ஜெக்டிவ் வருகிறது. ‘ஸ்மெல்ஸ் வெல்’ என்றால் ஏலக்காய் திறமையாக முகர்கிறது என்ற அர்த்தம் வந்துவிடும்.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். தமிழில் ‘மணக்குது’ என்று மட்டும் சொன்னாலே நல்ல மணம். இங்கிலீஷில் ‘இட் ஸ்மெல்ஸ்’ என்று அட்ஜெக்டிவ் இல்லாமல் நிறுத்தினால் நாற்றமடிக்கிறது என்றே எடுத்துக்கொள்வார்கள். அதனால் ‘ஸ்மெல்ஸ்’ சொன்ன கையோடு ‘குட்’, ‘நைஸ்’, ‘ஃப்ரெஷ்’ என்று ஏதாவது ஒன்று வந்தே ஆக வேண்டும்.

எந்த இடத்தில் சாதாரண வினை, எந்த இடத்தில் லிங்கிங் வெர்ப் என்று கண்டுபிடிக்க ஒரு சோதனை போதும். அந்த வெர்ப்பை எடுத்துவிட்டு ‘இஸ்’ அல்லது ‘வாஸ்’ போட்டுப் பாருங்கள். ‘தி டீ டேஸ்ட்ஸ் பிட்டர்’, ‘தி டீ இஸ் பிட்டர்’. பொருத்தமாக இருக்கிறது, ஆக லிங்கிங் வெர்ப். ‘ஷி டேஸ்டட் தி டீ’, ‘ஷி வாஸ் தி டீ’. அவள்தான் டீ என்றாகிவிட்டது, ஆக இது சாதாரண வினை. ‘ஹி லுக்ட் ஆங்க்ரி’ என்றால் அவர் கோபமாகத் தெரிந்தார். ‘ஹி லுக்ட் ஆங்க்ரிலி அட் தி மங்கி’ என்றால் குரங்கைக் கோபத்தோடு பார்த்தார். முதலாவதில் ‘வாஸ்’ உட்காரும், இரண்டாவதில் உட்காராது. ஐயம் வந்தபோதெல்லாம் இதைச் செய்து பாருங்கள்.

பசி, பயம், குளிர்

‘எனக்குப் பசிக்குது.’ தமிழில் பசிதான் வினை, நான் ‘எனக்கு’ என்று ஒதுங்கி நிற்கிறேன். மலையாளத்திலும் ‘எனிக்கு விசக்குன்னு’ என்று அதே அமைப்பு. இங்கிலீஷில் பசி அட்ஜெக்டிவாகிவிடும், நான் எழுவாயாக முன்னால் வந்துவிடுவேன்: ‘ஐ ஆம் ஹங்க்ரி’. தாகமா இருக்கு, ‘ஐ ஆம் தர்ஸ்டி’. பயமா இருக்கு, ‘ஐ ஆம் அஃப்ரெய்ட்’. குளிருது என்பதற்கு இரண்டு வழி: எனக்குக் குளிர்ந்தால் ‘ஐ ஆம் கோல்ட்’ அல்லது ‘ஐ ஃபீல் கோல்ட்’, ஊரே குளிர்ந்தால் ‘இட் இஸ் கோல்ட்’. மார்கழியில் வண்டிப்பெரியாறிலிருந்து வகுப்புக்கு வருகிறவர்களுக்கு மூன்றும் தேவைப்படும்.

‘எனக்கு’ என்று தமிழில் தொடங்கும் உணர்ச்சி வாக்கியம் எதுவானாலும் முதலில் ‘ஐ ஆம்’ அல்லது ‘ஐ ஃபீல்’ என்று தொடங்கிப் பாருங்கள். அநேகமாக நேராகிவிடும்.

களைப்பு, சலிப்பு பற்றி ஓர் எச்சரிக்கை. ‘டயர்ட்’, ‘டயரிங்’ இரண்டும் அட்ஜெக்டிவ்தான். களைத்துப்போனவருக்கு முதலாவது, களைக்க வைப்பதற்கு இரண்டாவது. மலை ஏறியவர் ‘டயர்ட்’, ஏற்றம் ‘டயரிங்’. விருந்தாளிக்குச் சலிப்பா என்று கேட்க நினைத்து ‘ஆர் யூ போரிங்?’ என்று கேட்டால், நீங்கள் அறுவையான ஆளா என்று கேட்டதாகிவிடும். ‘ஆர் யூ போர்ட்?’ என்பதே சரி.

ஆச்சு, போச்சு

இருட்டாயிடுச்சு, வயசாயிடுச்சு, பால் கெட்டுப்போச்சு. ஒரு நிலையிலிருந்து இன்னொரு நிலைக்கு மாறியதைச் சொல்கிறோம். இங்கிலீஷில் இதற்கும் லிங்கிங் வெர்ப் வரிசை ஒன்று இருக்கிறது: ‘பிகம்’, ‘கெட்’, ‘டர்ன்’, ‘க்ரோ’, ‘கோ’. பேச்சில் ‘கெட்’தான் அதிகம். இருட்டாகிறது: ‘இட் இஸ் கெட்டிங் டார்க்’. காப்பி ஆறிப்போச்சு: ‘தி காஃபி காட் கோல்ட்’. பால் கெட்டது: ‘தி மில்க் வென்ட் பேட்’. நிறம் மாறினால் ‘டர்ன்’.

ஏலத்தோட்டத்தில் வேலை செய்தவர்களுக்கு இது சுலபமாக விளங்கும். பறித்த காயை ஸ்டோரில், அதாவது காய் உலர்த்தும் அறையில், பக்குவமான சூட்டில் உலர்த்தினால் பச்சை நிறம் நிற்கும், வெயிலில் போட்டால் வெளுத்துப்போகும். ‘இன் தி டிரையர், தி பாட்ஸ் ஸ்டே க்ரீன். இன் தி சன், தே டர்ன் பேல்.’ ‘டர்ன்’ மாற்றத்தைச் சொல்கிறது, ‘ஸ்டே’ மாறாமல் இருப்பதைச் சொல்கிறது. ‘ரிமெய்ன்’, ‘கீப்’ என்பவையும் ‘ஸ்டே’ பக்கம்தான். அதே ‘டர்ன்’, ‘தி ஜீப் டர்ன்ட் லெஃப்ட்’ என்று வரும்போது வண்டி திரும்பும் செயல். அதே ‘க்ரோ’, ‘தே க்ரோ பெப்பர்’ என்று வரும்போது மிளகு பயிரிடும் வேலை. சோதனையைப் போட்டுப் பாருங்கள், பிரிந்துவிடும்.

‘பிகம்’ அட்ஜெக்டிவையும் ஏற்கும், பெயரையும் ஏற்கும். ‘ஹி பிகேம் ரிச்’, ‘ஹி பிகேம் எ கைடு’. இடுக்கி மாவட்டமானது 1972-இல்: ‘இடுக்கி பிகேம் எ டிஸ்ட்ரிக்ட் இன் 1972’. பெரியாறு காடு புலிகள் காப்பகமானது 1978-இல்: ‘பெரியாறு பிகேம் எ டைகர் ரிசர்வ் இன் 1978’. படகில் விருந்தாளியை அழைத்துப் போகும் பிள்ளைகள் இந்த இரண்டையும் அப்படியே வைத்துக்கொள்ளலாம்.

படகு என்றதும் நினைவுக்கு வருகிறது. கரையில் தூங்கும் யானையைக் காட்ட ‘அஸ்லீப் எலிஃபண்ட்’ என்று சொல்லக்கூடாது. ‘அஸ்லீப்’, ‘அவேக்’, ‘அஃப்ரெய்ட்’, ‘அலைவ்’ போன்ற சில அட்ஜெக்டிவ்கள் பெயருக்கு முன்னால் வருவதில்லை, லிங்கிங் வெர்ப்புக்குப் பின்னால்தான் வரும். ‘தி எலிஃபண்ட் இஸ் அஸ்லீப்’. முன்னால்தான் வேண்டுமென்றால் ‘ஸ்லீப்பிங் எலிஃபண்ட்’.

சொல்லிப் பாருங்கள்

கீழே வருபவற்றைப் படித்ததும் விடையைப் பார்க்காமல் வாய்விட்டு இங்கிலீஷில் சொல்லுங்கள். ரோடு வழுக்குது. அவர் மெதுவா பேசுறார். பாப்பா தூங்கிடுச்சு. சட்டை மெத்துனு இருக்கு. நீங்க சொல்றது நல்ல யோசனையா இருக்கு. மழை வர்ற மாதிரி இருக்கு.

வழுக்குது என்ற வினைக்குள் இருக்கும் குணத்தைப் பிரித்தால் ‘தி ரோட் இஸ் ஸ்லிப்பரி’. மழைக்காலத்தில் குமுளி மலைப்பாதையில் தினமும் சொல்ல வேண்டிய வாக்கியம். மெதுவா என்பது பேசும் விதம், ஆகவே அட்வெர்ப்: ‘ஹி ஸ்பீக்ஸ் ஸ்லோலி’. பாப்பா இப்போது இருக்கும் நிலை ‘தி பேபி இஸ் அஸ்லீப்’. சட்டை தொட்டால் தெரிவது: ‘தி ஷர்ட் ஃபீல்ஸ் சாஃப்ட்’. யோசனை காதால் கேட்டது: ‘தட் சவுண்ட்ஸ் குட்’. கடைசியில் மட்டும் ஒரு புதுச் சொல் வேண்டும். ‘லுக்’, ‘ஸ்மெல்’, ‘டேஸ்ட்’ போன்றவற்றுக்குப் பின்னால் அட்ஜெக்டிவ் வந்தால் நேராக வரும், பெயர் வந்தால் பேச்சில் முன்னால் ‘லைக்’ சேரும். ‘ஷி லுக்ஸ் டயர்ட்’, ஆனால் ‘ஷி லுக்ஸ் லைக் எ டீச்சர்’. மழை பெயர், ஆகவே ‘இட் லுக்ஸ் லைக் ரெய்ன்’.